மலிமியின் காய்ச்சல் ஆட்டம்

ஏரிக்கரை ஊரான முவான்ஸாவில் மலிமி லுஹெண்டே மைக் பிடித்தால்தான் கல்யாணம் கல்யாணமாக இருக்கும் என்று பேச்சு. அதற்கு முன்னால் அவன் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவிக்கொண்டிருந்தவன். "தபோரா, தபோரா" என்று அவன் கூவுகிற சுகத்துக்கு, தபோராவில் ஒரு நாதியும் இல்லாதவர்கள்கூட ஏறி உட்கார்ந்துவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு இறக்கிவிடச் சொல்லிச் சண்டை போடுவார்கள். அப்படி ஏறி இறங்கியவர்களில் ஒருவர், கல்யாணத்தை முன்நின்று நடத்திவைக்கும் ஒரு கமிட்டியின் தலைவர். இந்தத் தொண்டை பஸ் புகையில் வீணாகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே மலிமி கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

ஆள் வாட்டசாட்டமானவன். சரிகை வைத்த, கையில்லாத மஞ்சள் கோட்டுதான் அவன் அடையாளம். அதைத் தைத்துக் கொடுத்தவள் மனைவி மின்ஸா. மணப்பெண்ணின் தோழிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி உடுப்பு தைப்பது அவள் தொழில். ஸ்பீக்கர், பாட்டு இரண்டையும் பார்த்துக்கொள்ள பாஸி என்று ஒருத்தன் இருந்தான். பாஸி கடற்கரைப் பக்கத்து ஸராமோ இனம், மலிமி சுகுமா. இந்த இரண்டு இனத்துக்கும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேலி முறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழவு வீட்டில் பிணத்தைப் பார்த்துக்கூடக் கேலி பேசலாம், கேட்க ஆளில்லை. பாஸி அந்த உரிமையை ஒரு நாளும் வீணடித்ததில்லை.

"சுகுமாக்காரா, உன் தொந்தி வந்து சேந்துருச்சு. நீ எப்ப வருவே?" என்பான்.

"தேங்கா மூடி நக்கி வளந்த பயலே, ஒழுங்கா ஒயரைச் சொருகு" என்பான் மலிமி.

மலிமி காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கல்யாணத்தில் கேக் வெட்டும் நேரத்தில், முதுகுத்தண்டில் ஜில்லென்று ஒன்று ஏறியபோது அது என்னவென்றே அவனுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு வரவும் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"மா... மா... மாப்... மாப்..."

பல் கிடுகிடுத்தது. தோள் குலுங்கியது. தொந்தி தனக்கென்று ஒரு தாளம் வைத்துக்கொண்டு ஆடியது. கோட்டுச் சரிகை விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று அலையடித்தது. மைக் பல்லில் பட்டுப் பட்டுக் கடகடவென்ற சத்தம் கூடமெங்கும் கேட்டது. பாஸி ஒரு நொடி அண்ணாந்து பார்த்தான். பயல் சொல்லாமல் கொள்ளாமல் புதுசாக ஒன்றை இறக்குகிறான் என்று நினைத்து, அந்தக் குலுக்கலுக்குப் பொருந்துகிற முரசுத் தாளமாகப் பார்த்துப் போட்டுவிட்டான்.

பொண்ணின் அத்தைமார்கள்தான் முதலில் எழுந்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள். சற்று நேரத்தில் பாதிரியார் தவிர எல்லாரும் பல்லைக் கடகடக்க விட்டுக்கொண்டு குலுங்கினார்கள். மலிமிக்குக் குளிர் அடங்கியபோது கூடம் முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. அவனும் என்ன செய்வான், குனிந்து வணக்கம் சொன்னான்.

"இது என்ன ஆட்டம்யா?" என்று ஒரு அத்தை கேட்டாள்.

"காய்ச்சல்" என்றான் மலிமி, உள்ளது உள்ளபடி.

அதுவே பேராகிவிட்டது. காய்ச்சல் ஆட்டம்.

காய்ச்சல் இரண்டு நாள் விட்டு வரும், ஒரு வாரம் விட்டு வரும், அதற்கென்று முறை எதுவும் இல்லை. மின்ஸா அவனை இழுத்துக்கொண்டு போய் மலேரியாவுக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். மலேரியா இல்லை என்று வந்தது. "இல்லன்னா ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்று மருந்துக்கடைக்காரர் மலேரியா மாத்திரையே கொடுத்தார். அது கேட்கவில்லை என்றதும் டைபாய்டு மாத்திரை. அதுவும் கேட்கவில்லை என்றதும் இரண்டையும் சேர்த்து.

மின்ஸாவின் அண்ணன் மஷாவுரி பள்ளிக்கூட ஆய்வாளர். எதையும் ஆய்வு செய்யாமல் விடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு நாள் வந்து தங்கச்சி வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு மலிமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான், வீட்டுக்குள்ள எலி செத்துக் கிடக்கு. நீங்க சாம்பிராணி போட்டுக்கிட்டிருக்கீங்க. எலி எங்க கிடக்குன்னு முதல்ல பாக்கணும். வாயைத் தொறங்க."

மலிமி வாயைத் திறந்தான். கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது.

"இதோ எலி!" என்றார் மஷாவுரி.

பல்லைப் பிடுங்கினார்கள். ஐந்தாறு நாள் காய்ச்சல் வரவில்லை. மஷாவுரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நிச்சயதார்த்தத்தில் மலிமி மறுபடி குலுங்கினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மஷாவுரிக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று.

அதோடு ஊர் முழுக்க எலி தேட ஆரம்பித்தது. கால் பெருவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்திருந்ததை ஒரு கம்பவுண்டர் கண்டுபிடித்து எடுத்தார். கொஞ்ச நாள் தேவலை, பிறகு குளிர். காதில் சீழ் இருக்கலாம் என்று ஒருவர் கழுவிவிட்டார். உள்ளேயிருந்து ஒரு சோளமணி வந்தது. அது எந்த அறுவடையில் போனது என்று மலிமிக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாட்டு வைத்தியனைக் கூட்டிவந்து, உள்நாக்கை அறுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வைத்தியன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கையில் மின்ஸா துணி வெட்டும் கத்திரிக்கோலோடு வெளியே வந்தாள்.

"இவரு தொண்டையில கை வச்சே, நான் உன் தொண்டையில வைப்பேன்."

வைத்தியன் போய்விட்டான். மலிமிக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான்.

நாற்பது தாண்டிய உடம்பில் எங்கே தோண்டினாலும் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். கிடைத்ததையெல்லாம் அதுதான் காரணம் என்று கொண்டாடினார்கள். காய்ச்சலோ யார் வெற்றியையும் கெடுக்க விரும்பாததுபோல் சில நாள் ஒதுங்கியிருந்துவிட்டு வரும்.

இதற்கிடையில் மலிமியின் பேர் ஏரியைத் தாண்டி புக்கோபா வரைக்கும் போய்விட்டது. கல்யாணக் கமிட்டிக்காரர்கள் பாஸியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தம்பி, சனிக்கிழமை கேக் வெட்டுற நேரத்துக்குக் காய்ச்சல் வருமா?"

"அது கடவுள் செயல் அண்ணே."

"போன வாரம் அந்தக் கல்யாணத்துக்கு வந்துச்சே! எங்க வீட்டுப் பொண்ணு என்ன மட்டமா?"

மலிமிக்கு இது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குளிர் ஏறும்போது உயிர் போவதுபோல் இருக்கும். ஆனால் கூட்டம் எழுந்து நிற்கும். முன்பெல்லாம் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாலும் இப்படி ஒரு கைதட்டு விழுந்ததில்லை. மின்ஸா கேட்டால், "இப்பெல்லாம் வர்றதில்லடி, சும்மா நடிக்கிறேன்" என்று சொல்லிவைத்தான். கோட்டு நெஞ்சுக்குழிக்குக் கீழே அழுத்துகிறது என்று மட்டும் அடிக்கடி அவளிடம் கொடுத்து இடம் விடச் சொன்னான். அவளும் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். ஆள் இளைத்துக்கொண்டே போக, கோட்டு பெரிதாகிக்கொண்டே போவது அவளுக்கு உறுத்தியது.

நகரசபை உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில்தான் அது நடந்தது. தோழி ஒருத்தியின் உடுப்பில் தையல் பிரிந்துவிட்டது என்று மின்ஸா ஊசி நூலோடு வந்திருந்தாள். பொண்ணும் மாப்பிள்ளையும் கேக்கை ஒருவர் வாயில் ஒருவர் வைக்கிற நேரம், மலிமிக்குக் குளிர் வந்தது. பாஸி தாளத்தைப் போட்டான். கூடம் குலுங்கியது. அப்போது மலிமிக்குக் கண் இருட்டியது. மைக் கையிலிருந்து நழுவ, மரம் சாய்வதுபோல் தடாலென்று விழுந்தான்.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. மறுகணம் அத்தைமார்கள் தடதடவென்று விழுந்தார்கள். சித்தப்பாக்கள் விழுந்தார்கள். கமிட்டித் தலைவர் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு விழுந்தார். மணப்பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பதவிசாக விழுந்தாள். பெரிய மனுஷர் வீட்டுக் கல்யாணத்துக்காகவே மலிமி புது அடவு வைத்திருந்ததாக எல்லாருக்கும் பெருமை. கூடம் முழுக்க மனிதர்கள் மல்லாந்து கிடந்து, அடுத்து என்ன என்று காத்திருந்தார்கள்.

நின்றுகொண்டிருந்தது மின்ஸாவும் கேக்கும்தான். அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அது நடிக்கிற முகமாக இல்லை.

"எந்திரிங்க! வழி விடுங்க! ஆளு போயிருவாரு போலிருக்கு!"

தரையிலிருந்து ஒரே சிரிப்பு. "அக்கா பிரமாதமா பண்ணுது" என்றான் ஒருத்தன். அவள் சித்தப்பாக்களின் வயிற்றில் மிதித்துக்கொண்டு ஓடினாள். மிதிபட்டவர்களும் கைதட்டினார்கள். பாஸி மட்டும் அவள் குரலைக் கேட்டு எழுந்து பாட்டை நிறுத்தினான். அப்போதுதான் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

குன்றின் மேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கெமிலெம்பே என்ற அம்மாள் பார்த்தார். ஒல்லியான உருவம், அதிகம் பேசமாட்டார். இதுவரை என்னென்ன செய்தார்கள் என்று மஷாவுரி விவரமாகச் சொன்னார். பல், நகம், காது, சோளமணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க வலிக்குது?" என்று மலிமியைக் கேட்டார்.

"வலியெல்லாம் இல்லீங்க. கோட்டுதான் கொஞ்சம் இறுக்குது."

"நீங்க இப்ப கோட்டே போடலையே."

மலிமி குனிந்து பார்த்தான். வெறும் வயிறுதான் இருந்தது. டாக்டர் நெஞ்சுக்குழிக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினார். மலிமி போட்ட சத்தத்தில், பக்கத்து வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தபோரா வண்டி கிளம்புகிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்கேனில் கல்லீரலின் இடது பக்கம் ஒரு பொத்தல் தெரிந்தது. அதற்குள் சீழ்.

"இத்தனை மாத்திரை தின்னாரே டாக்டர்!" என்றாள் மின்ஸா.

"மாத்திரை ரத்தத்தோட ஓடி அங்க வரைக்கும் போகும்மா. ஆனா சீழ் கட்டிக்கிட்டா உள்ள நுழைய முடியாது. வாசல்ல நின்னு கதவைத் தட்டிட்டுத் திரும்பிரும். அதை நாம எடுத்தாத்தான் மருந்து வேலை செய்யும்."

நீள ஊசியை உள்ளே விட்டு எடுத்தார்கள். புளித்த தயிர்போல் ஒரு கிண்ணம் வந்தது. குழாய் ஒன்றை வைத்து மிச்சமும் வடிய விட்டார்கள். காய்ச்சல் நின்றது. மலிமி கஞ்சி கேட்டான்.

பாஸி அன்றைக்கே வந்துவிட்டான். வார்டு வாசலில் நின்று ஒப்பாரி வைத்தான். பிறகு ஒயரை எடுத்து மலிமியை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தான்.

"சவப்பெட்டி நீளம் சரியா வரும். ஆனா மூடி மூடாது. தொந்திக்கு மேல தனியா ஒரு குடை வைக்கணும்."

நர்ஸ் அதட்டினாள். "நான் ஸராமோ, இவன் சுகுமா" என்றான் பாஸி. அவளும் சுகுமாதான். "அப்ப உனக்கும் சேத்து அளந்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாளில் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

"சீழ் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சேன். அது ஏன் அங்க வந்துச்சுன்னு கண்டுபிடிக்கல. இன்னொரு படம் எடுக்கணும்."

கண்டுபிடிக்கவில்லை என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான் என்று மலிமிக்குத் தோன்றியது. அதில் ஒரு தைரியமும் பயமும் சேர்ந்தே வந்தன. அன்று மாலை பாஸி வந்தான். ஒப்பாரி வைக்கவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எப்படி இருக்கீங்க அண்ணே? ஏதாச்சும் வாங்கிட்டு வரட்டுங்களா?"

மலிமிக்கு உடம்பு வேர்த்துவிட்டது. அண்ணேயாம்! வரட்டுங்களாவாம்! கேலி முறைக்காரன் மரியாதை கொடுக்கிறான் என்றால் காரியம் கைமீறிவிட்டது என்றுதானே அர்த்தம்.

"மின்ஸா! டாக்டர் இவன்கிட்ட என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு!"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்புறம் ஏன் இவன் மனுஷன் மாதிரி பேசுறான்? டேய், திட்டுடா! திட்டித் தொலைடா!"

பாஸி வாயைத் திறந்தான். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சோளமூட்டை" என்று முனகினான். அது ஒரு திட்டே இல்லை. ஆனாலும் மலிமி அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்று தூங்கினான்.

பெரிய ஸ்கேனில், இரைப்பையைத் துளைத்துக்கொண்டு கல்லீரலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. டாக்டர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்து கேட்டார்.

"எப்பவாவது மீன் முள்ளு முழுங்குனீங்களா?"

"டாக்டர், பொறந்ததிலேருந்து இந்த ஏரிக்கரையில மீன் தின்னுக்கிட்டிருக்கேன். நீங்க எந்த முள்ளைக் கேக்குறீங்க?"

வயிற்றைத் திறந்து முள்ளை எடுத்தார்கள், துளையைத் தைத்தார்கள், சுற்றியிருந்ததைக் கழுவினார்கள். முள் விரல் நீளம் இருந்தது. சாத்தோ என்கிற ஏரி மீனின் விலா முள். கல்யாண வீட்டில் பேச்சுக்கு நடுவே அவசர அவசரமாக அள்ளிப்போட்ட ஒரு கவளத்தில் போயிருக்க வேண்டும். அதன் பிறகு காய்ச்சல் வரவில்லை. வாரங்கள் போயும் வரவில்லை. மஷாவுரி மட்டும், பல்லும் ஓரளவுக்குக் காரணம்தான் என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

முள்ளை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊர் பார்க்க வந்தது. யார் வீட்டு மீன் என்பதுதான் பேச்சு. கடந்த ஒரு வருஷத்தில் கல்யாணம் நடத்திய குடும்பங்களெல்லாம் ஆள் அனுப்பின. "எங்க வீட்டுல அன்னைக்கு ஆடுதான்" என்றார் ஒருவர். "எங்க மீன்ல முள்ளே கிடையாது, இறைவன் சத்தியமா" என்றார் இன்னொருவர். மீன் சந்தைப் பெண்கள் கூட்டமாக வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது எங்க கரை மீனே இல்ல. அக்கரை மீனு. முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"முள்ளுக்கு ஏதுடி முகம்?" என்றாள் மின்ஸா. பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

உடம்பு தேறி மலிமி மறுபடி கோட்டைப் போட்டான். மின்ஸா இந்தத் தடவை பிடித்துத் தைத்திருந்தாள். முதல் கல்யாணத்தில் கேக் வந்ததும் கூடம் எழுந்து நின்றது. "காய்ச்சல்! காய்ச்சல்!" பாஸி தாளத்தைப் போட்டான். மலிமி தோளைக் குலுக்கினான். பல்லைக் கடகடவென்று தட்டினான். தொந்தி நகர மறுத்தது. கூட்டம் மெல்ல அடங்கியது.

"இது காய்ச்சல் இல்ல" என்றாள் ஒரு அத்தை. "பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்கு."

இதற்குள் ஊரில் இருந்த மைக் பிடிக்கிற மற்றவர்கள் எல்லாரும் காய்ச்சல் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பொடியன் மலிமியைவிட நன்றாகவே குலுங்கினான். விழுந்து எழுவதும் சேர்த்து. மலிமியின் கூட்டம் அவன் பக்கம் போயிற்று.

அடுத்து வந்த கல்யாணத்தில் கமிட்டிக்காரர்கள் யோசித்து ஒன்று செய்தார்கள். மலிமியை முன்வரிசையில் உட்காரவைத்து, அவன் முன்னால் தலையோடு வாலோடு ஒரு முழு சாத்தோ மீனை, சோளக்களியோடு வைத்தார்கள். பாட்டு நின்றது. கூடம் முழுக்க அவன் வாயையே ஆசையோடு பார்த்தது. கமிட்டித் தலைவர் குனிந்து காதில் சொன்னார்.

"நல்லா அள்ளிச் சாப்பிடுங்க மலிமி. எதையும் எடுத்துப் போட வேணாம்."

மலிமி மீனைப் பார்த்தான். வாசம் மூக்கைத் துளைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மின்ஸா மீனைக் கண்ணில் காட்டவில்லை. அவன் கையைக் கழுவிக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாக உருவித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தான். கூட்டம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. முதலில் குழந்தைகள் தூங்கின. பிறகு மாப்பிள்ளை கொட்டாவி விட்டான். தலையைப் பிரித்துக் கன்னச்சதைக்கு வரும்போது கமிட்டித் தலைவர் தாங்கமுடியாமல் கேக்கை வெட்டச் சொல்லிவிட்டார்.

"ஏன்டா, வயித்துல முள்ளு இருந்தவரைக்கும் உனக்குச் சோறு போட்டுச்சு. அதுக்கு ஒரு நன்றி வேணாம்?" என்றான் பாஸி, ஒயரைச் சுற்றிக்கொண்டே.

"உன்னைய வயித்துக்குள்ள விட்டா அதைவிட நல்லா குத்துவே. வாயைத் தொறக்கட்டுமா?" என்றான் மலிமி.

இப்போதும் மலிமி மைக் பிடிக்கிறான். பெரிய கல்யாணங்கள் குறைந்துவிட்டன. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ச்சல் ஆட்டம் நடக்கும்போது அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கி, குலுங்குகிற ஒவ்வொருத்தர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறான். "எங்கயாச்சும் வலிக்குதா? கோட்டு இறுக்குதா?" என்று கேட்கிறான். அத்தைமார்களுக்கு இது பெரிய தொல்லை. அப்படி அவன் பிடித்துக் குன்றின் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறும் வாழைப்பழச் சாராயம் குடித்தவர்கள். டாக்டர் கெமிலெம்பே இனிமேல் ஆளை ஊதச்சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பவும் என்று சொல்லியனுப்பினார். ஆனால் போன மாதம் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு நெற்றி நிஜமாகவே கொதித்தது. அவர் ஆட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்க, மலிமியும் பாஸியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் கூடம் முழுக்கக் கைதட்டியது.